இசைக் குழுவை அமைப்பாகப் பதிவு செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒரு மாலை கூடிப் பாடுகிறார்கள். ஒத்திகை ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நடக்கும், இல்லையென்றால் பள்ளி வகுப்பறையில். எல்லாருக்கும் வேறு வேலை உண்டு, பாட்டு ஆசைக்காக. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊரில் கொஞ்சம் பெயர் கிடைக்கிறது. ஒரு நிகழ்ச்சி நன்றாக அமைந்த மகிழ்ச்சியில் குழுவில் யாராவது சொல்வார்: "டிரஸ்டாகப் பதிவு செய்துவிடலாமே. வரி கிடையாது, நன்கொடையும் வரும்."

தமிழ்நாட்டில் இப்படித் தொடங்கிய பல குழுக்கள் பிறகு பாடுவதை விட்டுவிட்டுப் படிவங்களோடு போராடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பதிவு செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. சில குழுக்களுக்கு அது கட்டாயம், சிலவற்றுக்குப் பெரிய உதவி. எந்தப் பதிவு, எதற்காக, எப்போது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இறங்குவதால்தான் சிக்கல் வருகிறது. நம் குழுவுக்கு வரும் பணம் யாருடையது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

பல பதிவுகளை ஒன்றாக எண்ணுவது

"பதிவு செய்தாயிற்று, இனி வரி இல்லை" என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். அமைப்பாகப் பதிவு பெறுவது வேறு, வருமான வரித் துறையிடம் விலக்குக்காகப் பதிவு பெறுவது வேறு. முதலாவதில் மூன்று வழிகள் உண்டு. ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதியலாம். கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனி தொடங்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் வருமான வரியில் தானாக விலக்கு கிடைத்துவிடாது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதைத்தான் எல்லாரும் 12ஏ என்கிறார்கள். நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி இன்னொரு தனி விண்ணப்பம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், ஆடிட்டர் அலுவலகங்களில் இந்தப் பழைய பெயர்களே புழங்குகின்றன.

ஆகவே "நாம் பதிவு செய்யலாமா?" என்று பொதுக்குழுவில் கேட்பதால் பயனில்லை. சங்கப் பதிவு வேண்டுமா, வரி விலக்கு வேண்டுமா, 80ஜி வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். பல சிறு குழுக்களுக்கு முதலாவதற்கு "ஆம்", மற்ற இரண்டுக்கும் "இப்போது வேண்டாம்" என்பதே பொருத்தமான பதில் என்பது என் கருத்து.

இல்லாத வரிக்கு விலக்குத் தேடுவது

பெரும்பாலான குழுக்களின் வரவு எது? உறுப்பினர்கள் மாதாமாதம் போடும் சந்தா. அதைத் தங்கள் ஒத்திகை இடத்துக்கும், மைக் வாடகைக்கும், மிருதங்கம் வாசிக்க வருபவரின் சன்மானத்துக்கும் செலவிடுகிறார்கள். தங்கள் பணத்தைத் தாங்களே சேர்த்துத் தங்களுக்காகச் செலவிடுவதை வருமானமாகக் கருத முடியாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட கோட்பாடு. மனமகிழ் மன்றங்களின் வழக்குகளில் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. சந்தாவில் மட்டும் நடக்கும் குழு வரி விலக்குப் பதிவுக்காக அலைய வேண்டியதே இல்லை.

வெளியிலிருந்து கொஞ்சம் பணம் வந்தாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12ஏ இல்லாத பதிவு பெற்ற சங்கத்துக்கும் தனிநபரைப் போலவே அடுக்கு முறையில்தான் வரி. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. ஆண்டு முழுவதும் இரண்டு லட்சம் ரூபாயைக் கண்ணால் காணாத ஒரு சேர்ந்திசைக் குழு, கட்ட வேண்டியிராத வரியிலிருந்து தப்பிக்க ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வரிச் சட்டத்தின் பார்வையில் கல்வி, மருத்துவ உதவி, ஏழைகளுக்கு உதவி போன்றவை நேரடியாக அறப்பணிகள். இசையை வளர்ப்பது பெரும்பாலும் "பொதுப் பயனுள்ள பிற நோக்கம்" என்ற வகையில்தான் சேரும். அந்த வகைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள வேலைகளின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திருமண வரவேற்புகளில் பாடிக் கிடைக்கும் பணமே முக்கிய வரவாக இருக்கும் மெல்லிசைக் குழு இந்த எல்லையை முதல் முகூர்த்த மாதத்திலேயே கடந்துவிடும். அந்த ஆண்டுக்கு விலக்கும் போய்விடும். கச்சேரிக் கட்டணத்தில் வாழும் குழு தன்னை லாப நோக்கற்ற அமைப்பு என்று அழைத்துக்கொள்வதைவிட, வருமானத்தைப் பகிர்ந்துகொண்டு அவரவர் கணக்கில் காட்டுவது எளிது, நேர்மையும் அதுதான்.

80ஜி இருந்தால் நன்கொடை குவியும் என்று நம்புவது

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று தனிநபர்களுக்குப் புதிய வரி முறையே இயல்பு முறை. அதில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே பயன், அதுவும் கொடுத்த தொகையில் பெரும்பாலும் பாதிக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. உங்கள் நிகழ்ச்சிக்கு ஐந்நூறும் ஆயிரமும் கொடுக்கும் மாமாவும் பக்கத்துத் தெரு டாக்டரும் பாட்டுக்காகவும் உங்களுக்காகவும் கொடுக்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக அவர்கள் நிறுத்தப்போவதில்லை.

80ஜி பெற்றுவிட்டால் வேலையும் கூடவே வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் நன்கொடையாளர் விவரப் பட்டியலை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பரீட்சை மாதத்தில் பிள்ளைகளோடு இருக்கும் பொருளாளர் இதை மறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை எதிர்பார்ப்பவர்களின் நிலை வேறு. அந்த நிதிக்கு 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும், மூன்று ஆண்டுச் செயல்பாடும் காட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பண்ணிசை சொல்லிக் கொடுக்கிறீர்கள், அழியும் நிலையிலுள்ள ஒரு நாட்டுப்புறக் கலையை ஆவணப்படுத்துகிறீர்கள், அதற்குப் பெரிய தொகை தேவைப்படுகிறது என்றால் தயங்காமல் முழுப் பதிவுக்குப் போங்கள். அங்கே பயன் ஊருக்குப் போகிறது. சட்டம் சலுகை தருவதும் அதற்காகத்தான்.

பதிவே தேவையில்லை என்று இருந்துவிடுவது

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு பரவலானது. தமிழ்நாட்டுச் சங்கச் சட்டப்படி, சங்கமாக இயங்கும் அமைப்பில் 20 உறுப்பினர்கள் சேர்ந்துவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டிவிட்டாலோ பதிவு கட்டாயம். எழுபதுகளில் எழுதப்பட்ட தொகை அது. இன்று ஒரே மாலையின் மைக் செட்டும் மண்டப வாடகையும் அதைத் தாண்டிவிடும். தலைவர், பொருளாளர், சந்தா, ரசீதுப் புத்தகம் என்று முறையாக இயங்கும் எந்தக் குழுவும் இதைப் புறக்கணிக்க முடியாது.

எல்லாப் பணமும் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போய் விழும் பழக்கத்தையும் உடனே நிறுத்த வேண்டும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வரித் துறைக்கு அது அவருடைய வரவாகத் தெரியும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணத்தின் மீது குடும்பத்துக்கும் குழுவுக்கும் மனக்கசப்பு வரும். பதிவு பெறாத குழுவும் தீர்மானத்தின் பேரில், பான் எண்ணோ அதற்கு மாற்றான படிவமோ கொடுத்துக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. கிளையில் தயங்குவார்கள், சங்கப் பதிவுச் சான்றிதழ் அந்தத் தயக்கத்தைப் போக்கும். இருவர் சேர்ந்து கையொப்பமிடும் கணக்காக இருக்கட்டும்.

அறக்கட்டளையா சங்கமா என்று பார்க்காமல் இருப்பது

அறக்கட்டளையை ஒரே நாளில் பதிந்துவிடலாம் என்பதற்காகப் பலர் அதைத் தேர்கிறார்கள். ஆனால் அறக்கட்டளையில் அதிகாரம் அறங்காவலர்களிடம் இருக்கிறது. பத்திரத்தில் பெயர் உள்ள இருவர் மூவர் முடிவெடுப்பார்கள். கூடப் பாடும் மற்றவர்களுக்கு ஓட்டு இல்லை. ஒருவர் தம் சொந்த முயற்சியில், சொந்தப் பணத்தில் நடத்தும் இசைப் பணிக்கு அது பொருந்தும். எல்லாரும் சமமாகச் சந்தா போட்டுப் பாடும் குழுவுக்குச் சங்கமே ஏற்றது. அங்கே பொதுக்குழு உண்டு, செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, கணக்குக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. 8ஆம் பிரிவுக் கம்பெனி சிறு குழுவுக்குப் பெரும் சுமை; ஆண்டுப் படிவம் ஒன்று தவறினால்கூட நாளுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும்.

இசைக்காரர்கள் சண்டை போட மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து பல ஆண்டுகள் தனித்தனியாக நடந்தது, 1940இல்தான் ஒன்றுபட்டது. அந்தச் சன்னிதியிலேயே அப்படியென்றால் நம் குழுவில் கருத்து வேறுபாடு வராதா? யாருக்கு ஓட்டு, யார் விலக்கப்படலாம், கணக்கை யார் பார்ப்பது என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே துணை விதிகளில் எழுதிவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தை யோசிக்காமல் வாங்குவது

குழுவில் முன்பு பாடியவர் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார், தம்பூரா வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். அவர் இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவராக இருந்து, தம் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது. பதிவு பெறாத குழுவுக்கும் இது பொருந்தும். அந்தப் பதிவைப் பெற மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். சிறு குழுவுக்கு எட்டாத உயரம். அவரிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

பதிவு பதிப்புரிமைச் சிக்கலிலிருந்து காக்கும் என்று நினைப்பது

லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் எந்தப் பாட்டையும் பாடலாம் என்று இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தொழில்முறையல்லாத மன்றங்களுக்கு ஒரு சலுகை தருகிறது: ரசிகர்களிடம் கட்டணம் வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சியோ, மத நிறுவனம் ஒன்றின் நலனுக்காக நடத்தும் நிகழ்ச்சியோ மீறல் ஆகாது. அங்கே பார்க்கப்படுவது டிக்கெட், பதிவுச் சான்றிதழ் அல்ல. தியாகராஜர், அருணாசலக் கவிராயர், பாரதி பாடல்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டிக்கெட் போட்டுத் திரைப்பாடல்களைப் பாடினால் உரிமம் வாங்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு அஞ்ச வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் குழுவுக்குப் பொதுவாக அதன் பதிவே தேவைப்படாது.

பதிவுக்குப் பின் வரும் வேலையை யார் செய்வது என்று கேட்காதது

என்னைக் கேட்டால், முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் விவரத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும், தீர்மானப் புத்தகம் எழுத வேண்டும். 12ஏ இருந்தால் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். கீபோர்டு வாங்கச் சேர்த்து வைப்பதற்குக்கூடப் படிவம் உண்டு. பதிவையும் காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் விருப்பத்தோடு இருவர் முன்வராவிட்டால், இருப்பதிலேயே நன்றாகப் பாடும் ஒருவர் தலையில் அந்த வேலை விழுந்து அவர் பாடுவது நின்றுபோகும்.

ஆள் இல்லையென்றால் பதிவு பெற்ற ஊர்ச் சபா ஒன்றின் கீழோ, குடியிருப்போர் நலச் சங்கத்தின் கலைப் பிரிவாகவோ இயங்கக் கேட்டுப் பாருங்கள். வரவு செலவு அவர்கள் கணக்கில் போகும். குழுவின் பெயரும் பாட்டுத் தேர்வும் உங்களிடமே இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

கருவிகளையும் கலைப்பையும் பற்றி எழுதாமல் விடுவது

பதிவு செய்யும் நாளன்று குழுவில் உள்ள ஒவ்வொரு கருவியும் யாருடையது என்று ஒரு பட்டியல் எழுதி, எல்லாரும் கையொப்பமிட வேண்டும். தாத்தாவின் வீணையை ஒருவர் ஒத்திகைக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார். அது இரவலா நன்கொடையா என்று எழுதாவிட்டால், பின்னால் அதைத் திரும்பக் கேட்பதே பெரிய சங்கடமாகிவிடும். அமைப்புக்குக் கொடுத்த பொருள் அமைப்பின் சொத்து. குழு கலையும்போது 12ஏ பெற்ற அமைப்பின் சொத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. அதே நோக்கமுள்ள, வரி விலக்கு பெற்ற இன்னோர் அமைப்புக்குத்தான் போக வேண்டும்.

12ஏ இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இந்தக் கலைப்பு விதியையும், வருமானம் உறுப்பினர்களுக்குப் பங்காகப் போகாது என்ற விதியையும் சங்கத்தின் முதல் துணை விதிகளிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அவை இல்லையென்றால், பின்னாளில் வரி விலக்குக்கு விண்ணப்பிக்கும்போது பொதுக்குழுவைக் கூட்டி விதிகளைத் திருத்தி, அதைப் பதிவாளரிடம் பதிந்த பிறகே மேற்கொண்டு நகர முடியும். அரசு மானியத் திட்டங்கள் சிலவும் பதிவாகி மூன்று ஆண்டு ஆன அமைப்புகளையே ஏற்கின்றன. அந்த வழியில் போக எண்ணம் உள்ளவர்கள் சங்கப் பதிவை மட்டும் இந்த ஆண்டே முடித்துவிட்டு, மற்றவற்றைத் தேவை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.