ட்ரூ க்ரைம் படத்துல யாரைக் காணோம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ஒரு ட்ரூ க்ரைம் படத்துல, அதாவது நெஜமா நடந்த குற்றத்தை வச்சு எடுத்த படத்துல, எல்லாத் தரப்பு ஆளுங்களும் வர்றாங்களான்னு பாக்க நிறைய பேர் போஸ்டர்ல இருக்குற முகத்தை எண்ணுவாங்க, அது சுத்த வேஸ்ட். கற்பனைக் கதைல யாரைப் போடணும்ங்கறது டைரக்டர் இஷ்டம், ஆனா நெஜமா நடந்த கேஸ்ல யார் யார் இருந்தாங்கன்னு ஏற்கனவே பதிவாகி இருக்கு, படத்தை அதுகூட வச்சுப் பாத்தாலே யாரைத் தூக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுடும்.

படம் முடிஞ்ச சூட்டோட அந்தக் கேஸோட தீர்ப்பு இல்லன்னா அப்போ வந்த பத்திரிகைச் செய்தியைத் தேடிப் படிங்க. செத்தவங்க, சாட்சி சொன்னவங்க, கைதானவங்க, விசாரிச்சவங்கன்னு பேரை எழுதிக்கிட்டு படத்துல வந்தவங்களை ஒண்ணொண்ணா அடிச்சுட்டே வாங்க, மிச்சம் நிக்குற பேர்லதான் விஷயமே இருக்கு. 1999ல வந்த 'பாய்ஸ் டோன்ட் க்ரை'யை எடுத்துக்கோங்க. அமெரிக்காவோட நெப்ராஸ்கா மாநிலத்துல 1993 கடைசில ஒரு ட்ரான்ஸ் இளைஞரை (திருநம்பி) கொன்ன கேஸ், அவரா நடிச்ச ஹிலரி ஸ்வாங்குக்கு ஆஸ்கர் கூட கெடைச்சுது. அன்னிக்கு அந்த வீட்ல நெஜமா செத்தது மூணு பேர், படத்துல ரெண்டு பேர்தான். விட்டுப்போன மூணாவது ஆள் ஒரு கறுப்பின இளைஞர், மாற்றுத்திறனாளி வேற. ஒரு சிறுபான்மையைப் பத்தி அவ்ளோ அக்கறையா எடுத்த படத்துலயே இன்னொருத்தர் காணாமப் போயிட்டாரு, போஸ்டர பாத்தா இது தெரியவே தெரியாது.

அடுத்தது கேமரா யார் பின்னாடி போகுதுன்னு பாருங்க. செத்துப்போறவங்க போலீஸும் கொலைகாரனும் இல்லாம தனியா வர்ற சீன் எத்தனை, அதுல அவங்க என்ன பண்றாங்க, சிரிக்கிறாங்களா, சண்டை போடுறாங்களா, இல்ல பொணமா மட்டும்தான் வர்றாங்களா? 1920கள்ல ஓக்லஹோமால எண்ணெய்ப் பணத்துக்காக ஓசேஜ் பழங்குடி மக்களைக் கொன்ன கதைதான் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்' (2023). மொதல்ல ஸ்க்ரிப்ட் விசாரிக்க வர்ற எஃப்பிஐ ஆளைச் சுத்தி இருந்துச்சு, அப்புறம் ஓசேஜ் பொண்ணு மோலி, அவ புருஷன் எர்னஸ்ட் பக்கம் மாத்துனாங்க. அப்பவும் படத்துல வேலை செஞ்ச ஓசேஜ் மொழி ஆலோசகரே, இதை மோலி கண்ணு வழியா பாக்கணும்னு ஆசைப்பட்டேன்னு பிரீமியர்ல ஓப்பனா சொன்னாரு. ஸோ டைட்டில் கார்டுல ஆலோசகர் பேரைப் பாத்ததும் திருப்தி ஆயிடாதீங்க, ஸ்க்ரிப்ட் யார் எழுதுனா, கடைசி முடிவு யாரோடதுன்னு தேடுங்க.

சமூகத்தையே மாத்திருக்காங்களான்னும் செக் பண்ணுங்க. 'ஜெய் பீம்' (2021) இருளர் கதையா வந்துச்சு, ஆனா அதுக்கு அடிப்படையான 1993 வழக்குல பாதிக்கப்பட்டவங்க குறவர். மாத்துறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், எனக்கு அந்தப் படம் புடிக்கும் கூட, ஆனாலும் நோட்ல எழுதி வைங்க.

எந்தக் கேஸ் படமாகுதுங்கறது தனிக் கதை. காணாமப்போனது வெள்ளைக்காரப் பொண்ணுன்னா மட்டும் மீடியா ஓடுறதை 2004லயே பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் 'மிஸ்ஸிங் ஒயிட் வுமன் சின்ட்ரோம்'னு நக்கலடிச்சாங்க. உங்க வாட்ச் லிஸ்ட்டை ஒரு தடவை அந்தக் கண்ணோட பாருங்க.

கடைசில 'சில பாத்திரங்கள் கற்பனை'ன்னு ஒரு கார்டு ஓடும்ல, அங்க படத்தை நிறுத்திப் படிங்க. ரெண்டு மூணு பேரைச் சேத்து ஒரே கேரக்டர் ஆக்கிருந்தா, அப்படிக் கரைஞ்சு போனது போலீஸா, வக்கீலா, இல்ல பாதிக்கப்பட்டவங்களான்னு உங்க பேப்பரை வச்சு சரிபாருங்க.