மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் போதுமா? கோடையில் நாம் செய்யும் தவறுகள்

வெயில் ஏறியதும் பல வீடுகளில் நடப்பது இதுதான்: சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர், அதுவும் அடிமரத்தை ஒட்டி. ஊற்றியவருக்குத் திருப்தி, மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. வளர்ந்த மாமரத்தில் தண்ணீரை உறிஞ்சும் நுனிவேர்கள் அடிமரத்தருகே குறைவு, கிளைகள் முடியும் ஓரத்துக்குக் கீழே அதிகம். அங்கேதான் பாத்தி வேண்டும். தென்னை என்றால் சுற்றிலும் 6 அடிக்கு வட்டப்பாத்தி.

தினமும் கொஞ்சம் விடுவதும் உதவாது. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே தங்கிவிடும். கத்திரி வெயிலில் முதலில் காய்வது அந்த மண்தான். வாரத்துக்கு ஒருமுறை, மணற்பாங்கான நிலமென்றால் இரண்டுமுறை, ஓர் அடி ஆழமாவது நனையும்படி விடுங்கள். கம்பியைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். போன மழைக்காலத்தில் நட்ட கன்றுக்கு மட்டும் இது பொருந்தாது; அதன் வேர் இன்னும் பரவவில்லை, அதற்கு அடியிலேயே அடிக்கடி விட வேண்டும்.

அப்புறம் இந்த ஆர்ஓ கழிவு நீர், அதாவது குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தினமும் ஒரே மரத்துக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறி இலை ஓரம் கருகும். அதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள்! வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்துவதுதான் எனக்குப் புரியாத பழக்கம். மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கைக் கையில் வைத்துக்கொண்டே எரித்துவிட்டு வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டுகிறோம்; போதாததற்கு மேல்வேரும் வெந்துபோகும். அந்தச் சருகையோ தேங்காய் மட்டையையோ பாத்தியில் பரப்பினாலே ஈரம் நிற்கும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கரையானும் ஏறும்.

காய்ந்த மண்ணில் ரசாயன உரம் வைக்காதீர்கள், வேரைச் சுட்டுவிடும். மாமரத்தில் கிளைகளைக் கழிப்பது அறுவடைக்குப் பிறகு. கோடை நடுவில் கிளைகளை வெட்டினால் நிழலில் இருந்த பட்டை திடீர் வெயிலில் வெடிக்கும். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டுவது இயல்பு, கவலை வேண்டாம். மே மாதத்தில் புதுக்கன்று வாங்கத் தோன்றினால், சரி, குழியை மட்டும் வெட்டி ஆறப்போடுங்கள்; கன்றை நட மழை வரட்டும்.