சேரிட்டி ஆர்ட் ஈவென்ட் நடத்தப் போறீங்களா? ஆர்ட்டிஸ்ட்டை ஓட்டாண்டி ஆக்காம நடத்தற வழி

ஸ்டுடியோ, சின்ன கேலரி, நாடகக் குழு, மியூசிக் கிளாஸ்னு பக்கத்து பக்கத்துலயே இருக்கற ஒரு ஏரியாவுல, யாராவது நல்ல காரியத்துக்கு காசு சேக்கணும்னு கிளம்பினா முதல்ல வர்ற ஐடியா ஒண்ணுதான், "ஆர்ட்டிஸ்ட்டுங்க எல்லார்கிட்டயும் ஆளுக்கு ஒரு படம் கேப்போம், ஏலம் விட்டுடுவோம்". ஐடியா தப்பில்ல. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, ஹால்காரருக்கு வாடகை போகுது, சவுண்ட் சர்வீஸ்காரருக்கு காசு போகுது, போஸ்டர் அடிக்கற பிரஸ்சுக்கு போகுது, படம் வரைஞ்சவருக்கு மட்டும் "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும் சார்". இதே டயலாக்கோட அவர் வீட்டுக் கதவை வருஷம் பூரா யாராவது தட்டிக்கிட்டே இருக்காங்க. அந்த ஈவென்ட்லயே பெரிய டோனர் அவர்தான், ஆனா டோனர் லிஸ்ட்ல அவர் பேரே இருக்காது. அதனால நான் இங்க சொல்லப் போறது, காசு போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் சேரணும், அடுத்த வருஷம் நீங்க போய் நிக்கறப்ப ஆர்ட்டிஸ்ட் சிரிச்ச முகத்தோட கதவைத் திறக்கவும் செய்யணும், அதுக்கு எப்படி ஏற்பாடு பண்றதுன்னுதான்.

முதல் வேலை போஸ்டர் டிசைன் இல்ல, பேப்பர் வேலை. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல சிதார் மேதை ரவிசங்கரும் பீட்டில்ஸ் இசைக்குழுவுல இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்தின கச்சேரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரே நாள்ல ரெண்டு ஷோ, டிக்கெட் வசூல் மட்டும் ரெண்டரை லட்சம் டாலருக்கு கிட்ட, அது யூனிசெஃப்புக்கு போய்ச் சேந்துடுச்சு. அதுக்கப்புறம் ரெக்கார்டும் படமும் வித்து வந்த காசுதான் சிக்கல். நிகழ்ச்சியை முன்கூட்டியே யூனிசெஃப் பேர்ல முறையா பதிவு பண்ணாததால வரிவிலக்கு கிடைக்கல, அதுல பெரும்பகுதி அமெரிக்க வரித்துறைகிட்ட வருஷக்கணக்கா மாட்டிக்கிச்சு. அவ்ளோ பெரிய ஆளுங்களுக்கே அந்த கதின்னா நம்ம ஏரியா ஈவென்ட் எம்மாத்திரம். அதனால எந்த அமைப்புக்கு குடுக்கப் போறீங்களோ அவங்ககிட்ட லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிடுங்க, இந்த நிகழ்ச்சி எங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குது, பணம் இந்த அக்கவுண்ட்டுக்குத்தான் வரணும், ரசீது நாங்கதான் குடுப்போம்னு. யாரோட சொந்த அக்கவுண்ட்லயும் ஒரு நாள் கூட பணம் தங்கக்கூடாது, அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் சரி.

போஸ்டர்லயே இன்னொரு விஷயம் தெளிவா இருக்கணும். "வர்ற காசு எல்லாம் சேரிட்டிக்கு"ன்னு போட்டுட்டு அப்புறம் செலவைக் கழிச்சா அது ஏமாத்து வேலைதான், வேற பேர் கிடையாது. மொத்த வசூல்ல இவ்ளோ சதவீதமா, செலவு போக மிச்சமா, ஆர்ட்டிஸ்ட் பங்கு போகவா, எதுவா இருந்தாலும் ஒரே வரில பச்சையா எழுதிடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

யாருக்காக பண்றோம்ங்கறதுல என் கருத்து, முடிஞ்சவரைக்கும் நடந்து போய் பாக்கற தூரத்துல இருக்கற காரியமா எடுங்க. பாரிஸ்ல மோன்மார்த்ர் ஏரியா ஓவியர்கள் 1921லயே "மோன்மார்த்ர் குடியரசு"ன்னு விளையாட்டா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அந்தப் பகுதி ஏழைப் பசங்களுக்கு உதவறதுதான் நோக்கம். அதுல இருந்த புல்போன்னு ஒரு ஓவியர், தெருப் பசங்களை வரைஞ்சே பேர் வாங்கினவர், 1923ல அதே பசங்களுக்கு அதே ஏரியாவுல ஒரு இலவச மருத்துவ நிலையம் திறந்தார். 1933ல அங்க இருந்த காலி நிலத்துல கட்டடம் வந்துடக்கூடாதுன்னு திராட்சைத் தோட்டம் போட்டாங்க, அந்த ஒயினை வித்து வர்ற காசு அந்தப் பகுதி சமூகப் பணிகளுக்குத்தான் போகுது. யாரு குடுத்தது, எங்க போச்சுன்னு அக்கம்பக்கத்துல கேட்டாலே தெரிஞ்சுடும். அப்படி தெரியற இடத்துல ஜனங்க ரெண்டாவது தடவையும் குடுப்பாங்க. இன்னொண்ணும் இருக்கு, கலைஞர்கள் வந்து குடியேறி ஏரியா கொஞ்சம் பேர் வாங்கினதும் வாடகை ஏறும், முதல்ல காலி பண்றது ஏற்கனவே அங்க இருந்த ஏழை ஜனங்க, அடுத்தது அந்தக் கலைஞர்களே. அதனால ஏரியாவுக்கு நன்றிக்கடன் இருக்குன்னு நினைக்கறவங்க எங்கயோ தூரத்துல தேட வேண்டாம்.

இப்ப பங்கு விஷயம். எனக்கு சரின்னு படறது பாதிக்குப் பாதி, அதை விட நல்லது ஃபார்ம்லயே மூணு கட்டம் போட்டு 30, 50, 100 சதவீதம் எவ்ளோ குடுக்கறீங்கன்னு ஆர்ட்டிஸ்ட்டையே டிக் பண்ணச் சொல்றது. ஆச்சரியமா இருக்கும், பங்கு தர்றோம்னு சொன்னாதான் நல்ல படம் வரும், ஓசின்னா மூலைல கிடக்கறது வரும். "தானம்தானே, அவருக்கு டேக்ஸ்ல கழிவு கிடைக்குமே"ன்னு யாராவது கமிட்டில சொல்வாங்க, நம்பாதீங்க. அமெரிக்காவுல 1969ல வந்த வரிச்சட்டத்துக்கு அப்புறம் ஓவியர் தன் படத்தை தானம் குடுத்தா கேன்வாஸ், பெயின்ட் மாதிரி பொருள் செலவுக்கு மட்டும்தான் கழிவு, ஆனா அதே படத்தை காசு குடுத்து வாங்கி வெச்சிருந்தவர் தானம் பண்ணா சந்தை விலைக்கே கழிவு கேக்க வழி இருக்கு. வரைஞ்சவனுக்கு ஒரு நியாயம், வாங்கினவனுக்கு ஒரு நியாயம். உங்க நாட்டுல என்னன்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

படம் கைக்கு வர்றப்பவே ஒரு பக்க ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிடணும். படத்தோட பேரு, அளவு, எதுல வரைஞ்சது, வழக்கமா விக்கற விலை, இதுக்குக் கீழ விக்கக்கூடாதுங்கற குறைந்தபட்ச விலை, பங்கு எவ்ளோ, கொண்டு வர்ற வழியில கீறல் விழுந்தா யார் பொறுப்பு, விக்கலைன்னா எந்த தேதிக்குள்ள திருப்பித் தரணும், அவ்ளோதான். குறைந்தபட்ச விலையை அலட்சியமா விடாதீங்க, கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தரோட படம் கால் விலைக்குப் போச்சுன்னா நாளைக்கு அவர் கேலரில அதே மாதிரி படத்துக்கு முழு விலை சொல்ல முடியாது. படம் வித்துட்டாலும் காப்பிரைட் பொதுவா வரைஞ்சவர்கிட்டதான் இருக்கும், அதனால போஸ்டர்லயோ காலண்டர்லயோ போடணும்னா அதுக்கும் தனியா ஒரு வரில அனுமதி வாங்கிக்கோங்க.

ஏலம் மட்டுமே வழின்னு நினைக்காதீங்க. லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994ல ஆரம்பிச்ச ஒரு விற்பனை இருக்கு, பெரிய ஆர்ட்டிஸ்ட்டும் மாணவர்களும் போஸ்ட்கார்டு அளவுல வரைஞ்சு குடுப்பாங்க, கையெழுத்து பின்பக்கம்தான், எல்லாத்துக்கும் ஒரே விலை, வாங்கினதுக்கு அப்புறம்தான் யாரோடதுன்னு திருப்பிப் பாக்க முடியும். சின்ன ஏரியாவுக்கு இதை விட பொருத்தமா ஒண்ணு இல்லன்னுதான் சொல்வேன், ஏன்னா ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு சாயந்தர வேலை, அவரோட மார்க்கெட் விலைக்கும் அடி விழாது, கையில கொஞ்சம் காசு இருக்கறவரும் வாங்கலாம். பானை வனையறவங்க இருக்கற ஏரியான்னா 1990ல மிச்சிகன்ல ஆரம்பிச்ச எம்ப்டி போல்ஸ் மாதிரி பண்ணலாம், கையால செஞ்ச கிண்ணத்துல எளிமையா சாப்பாடு, சாப்பிட்டவர் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார், காசு பசிக்கு உதவற அமைப்புக்கு.

ஆனா சைலன்ட் ஏலம்தான் பண்ணப் போறீங்கன்னா கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா சொதப்பல் எல்லாம் இங்கதான் நடக்குது. கூவறதுக்கு ஆள் கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு பேப்பர், வர்றவங்க அதுல தொகையை எழுதிட்டுப் போவாங்க. வாசல்லயே ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடுங்க, பேப்பர்ல பேர் வேண்டாம், நம்பர் போதும், கூச்சம் இல்லாம எழுதுவாங்க. தொகையை அவங்களே யோசிச்சு எழுத விடாம படிப்படியா முன்னாடியே பிரிண்ட் பண்ணிடுங்க. படத்தோட விலை 100ன்னு வெச்சுக்கோங்க, பாதில ஆரம்பிக்கலாம், 50, 60, 70ன்னு பத்து பத்தா ஏறட்டும், ஆர்ட்டிஸ்ட் சொன்ன குறைந்தபட்ச விலை 60ன்னா முதல் வரியே 60தான். கடைசி வரில 150 போட்டு "இப்பவே எடுத்துக்கறேன்"னு ஒரு கட்டம், யாராவது அதுல நம்பர் போட்டா அந்தப் படம் அப்பவே முடிஞ்சது, சிவப்புப் பொட்டு ஒட்டிடலாம். பேனாவை நூல்ல கட்டி கிளிப்போர்டுலயே தொங்க விடுங்க, இல்லன்னா அரை மணி நேரத்துல ஹால்ல ஒரு பேனா இருக்காது, நல்ல தொகை எழுத வந்தவர் பேனா தேடிட்டு அப்படியே நண்பரோட பேச்சுல உக்காந்துடுவார்.

படத்தை அள்ளிக் குவிக்காதீங்க. வர்றவங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு ஒரு படம்ங்கற கணக்குல வெச்சாதான் போட்டி வரும், ஆளுக்கு ஒண்ணுன்னா எல்லாரும் ஆரம்ப விலைக்கே எடுத்துட்டுப் போயிடுவாங்க. மாட்டறப்ப படத்தோட நடுப்பகுதி தரையிலேருந்து 145 லேருந்து 150 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கட்டும், நிக்கறவங்க கண்ணுக்கு நேரா வரும். முடிக்கற நேரத்தை ஒரே அடியா வெக்காதீங்க, ஹாலை மூணு பகுதியா பிரிச்சு கால் மணி நேரம் விட்டு ஒவ்வொண்ணா மூடினா முதல் பகுதில தோத்தவர் அடுத்ததுக்கு ஓடுவார், அந்த ஓட்டத்துலதான் விலை ஏறும். மூடற நேரம் வந்ததும் வாலன்டியர் ஹைலைட்டரோட போய் கடைசி நம்பரை வட்டம் போட்டு பேப்பரை எடுத்துடணும், "ஒரு நிமிஷம், நான் எழுதிக்கறேன்"க்கு எல்லாம் இடமில்ல. கூட்டம் கலையற நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சுடுங்க. பணம் கட்டற டேபிளும் படம் வாங்கற டேபிளும் தனித்தனியா இருக்கணும், பணம் வாங்கறவரே பேக்கிங்கும் பண்ணா க்யூ வாசல் வரைக்கும் நிக்கும்.

ஏலத்தோட சேத்து ஸ்டுடியோக்களைத் திறந்து வெச்சு ஜனங்களை நடக்க விடறதும் நல்லாருக்கும். ஒரே ஒரு மேப், அதுல நம்பர், அதே நம்பர் ஒவ்வொரு வாசல்லயும் பெருசா. மாடிப்படி மட்டும் இருக்கற இடம் எது, வீல்சேர் போற இடம் எது, டாய்லெட் எங்கன்னு மேப்லயே குறிச்சுடுங்க. எல்லா ஸ்டுடியோவும் ஒரே நேரத்துல திறந்திருந்தா ஆர்ட்டிஸ்ட்டுங்க ஒருத்தர் இடத்தை ஒருத்தர் பாக்கவே முடியாது, அவங்களுக்குன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே விட்டுடுங்க, பாதி சந்தோஷம் அதுலதான். தெருவை மறிக்கணும்னா அனுமதி, ஸ்பீக்கர் வெச்சா அனுமதி, அடுத்தவர் பாட்டு போட்டா பல நாடுகள்ல லைசென்ஸ், இதெல்லாம் முன்னாடியே முடிங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நேர்ல போய் சொல்லிட்டு ஃப்ரீ பாஸ் குடுங்க.

கச்சேரி, நாடகம்னா டிக்கெட் கணக்குல ஜாக்கிரதை. 1742ல டப்ளின்ல ஹாண்டெல்ங்கற இசையமைப்பாளரோட மெசியாங்கற இசைப் படைப்பு முதல் தடவை அரங்கேறினதே சேரிட்டிக்காகத்தான், நெரிசல் வரும்னு பெண்கள் வளையம் வெச்ச பாவாடை போட வேண்டாம், ஆண்கள் வாள் கட்டிட்டு வர வேண்டாம்னு பேப்பர்லயே கேட்டுக்கிட்டாங்க, அப்படித்தான் 700 பேரை உள்ள அடைச்சாங்க. அந்தக் காசுல கடனுக்காக ஜெயில்ல கிடந்த 142 பேர் வெளிய வந்தாங்க. இப்படி ஒரு எண் உங்க போஸ்டர்ல இருந்தா எப்படி இருக்கும்னு பாருங்க. 1750ல லண்டன் ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரில, அதாவது கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்துல, அவர் அதையே நடத்தினப்ப டிக்கெட் வெச்சிருந்தவங்களுக்கே இடமில்ல, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வாசிக்க வேண்டியதாச்சு. அதே இல்லத்துக்குத்தான் ஹோகார்த்ங்கற ஓவியர் அதுக்கு முன்னாடியே மத்த ஓவியர்களை சேத்து படங்களை தானமா வாங்கிக் குடுத்திருந்தார், லண்டன்ல பொதுக் கேலரின்னு ஒண்ணு இல்லாத காலம், ஜனங்க படம் பாக்க வந்தாங்க, இல்லத்துக்கு நன்கொடை, ஓவியர்களுக்கு நிரந்தரமா ஒரு சுவர். ரெண்டு பக்கமும் லாபம்.

அன்னிக்கு சாயந்தரம் மேடைல பேச்சு குறைச்சலா இருக்கட்டும். அமைப்புலேருந்து வேலை தெரிஞ்ச ஒருத்தர், பணம் எதுக்குன்னு மூணு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். உதவி வாங்கற குழந்தைங்களை மேடை ஏத்தி அழ வெக்கற வேலையை தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்தப் பசங்களுக்கு படம் வரைய ஆசைன்னா அவங்க படத்தையும் மத்த படங்களோட அதே சுவத்துல, அதே மாதிரி லேபிளோட மாட்டுங்க.

முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள முதல் செக் ஆர்ட்டிஸ்ட்டுக்குப் போகணும், அமைப்புக்கும் அதே நாள். விக்காத படங்களை நீங்களே கொண்டு போய் குடுங்க, வந்து எடுத்துக்கோங்கன்னு சொல்லாதீங்க. வாங்கினவர் சம்மதிச்சா அவர் பேரும் போன் நம்பரும் வரைஞ்சவருக்குத் தரலாம், அடுத்த படம் நேரடியா விக்க வாய்ப்பிருக்கு. அப்புறம் வசூல், செலவு, பங்கு, சேரிட்டிக்குப் போனது, நாலு வரி கணக்கை டிக்கெட் வாங்கின எல்லாருக்கும் அனுப்பிடுங்க, அமைப்பு குடுத்த ரசீதோட போட்டோவையும் அதோட சேத்து.