ஆர்க்கைவ்ஸ் (ஆவணக் காப்பகவியல்) படிக்க பிரிட்டன் போகிறீர்களா?

“லைப்ரரி சயின்ஸ்தானே அக்கா?” என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். இல்லை. நூலகப் புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைக்கும். ஆவணக் காப்பகத்துக் கடிதத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் அடுக்குவது, விவரம் எழுதுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பது எல்லாமே வேறு. படிப்பில் பெரும்பங்கு இன்றைய அலுவலகக் கோப்புகளைப் பற்றியது: எதை எத்தனை வருஷம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம், எப்போது அழிக்கலாம். லண்டனில் படித்துவிட்டு இப்போது ஒரு மருத்துவமனையில் நான் பார்ப்பது இந்த வேலைதான்.

பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்காதீர்கள். ஏஆர்ஏ என்ற பிரிட்டன் ஆவணக் காப்பாளர் சங்கத்தின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை விளம்பரங்களில் அதைத்தான் கேட்பார்கள். 1947 முதல் இதைக் கற்பிக்கும் யூசிஎல், அப்புறம் லிவர்பூல், கிளாஸ்கோ என்று தேடத் தொடங்கலாம். டண்டி பல்கலைக்கழகம் இதைத் தொலைநிலையில் நடத்திப் பேர் வாங்கியது. முழுநேரப் படிப்பு ஒரு வருஷம். கனடாவில் 1981இல் தொடங்கிய பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு நல்ல படிப்புதான், ஆனால் இரண்டு வருஷம். செலவும் அந்தக் கணக்கில்தான்.

விண்ணப்பத்தில் எடுபடுவது அனுபவம். சம்பள வேலையாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரு பழைய அரிசி மில்லோ கூட்டுறவுச் சங்கமோ இருந்தால், அனுமதி கேட்டு ஒரே ஒரு பெட்டியைத் திறங்கள். பேரேடு, ரசீதுக் கட்டு, பேரேட்டின் நடுவே செருகிய மின்வாரியக் கடிதம் ஒன்று. கை பரபரக்கும், கடிதங்களை எல்லாம் தனியாக எடுத்து அடுக்கலாமே என்று. செய்யாதீர்கள். அந்தக் கடிதம் எந்த மாதக் கணக்கின் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல். உருவியெடுத்தால் அது போயிற்று. இருந்த வரிசையிலேயே விட்டு, ஐசாட்-ஜி என்ற சர்வதேச விதிமுறை அத்தியாவசியம் என்று சொல்லும் ஆறு விவரங்களை எழுதுங்கள்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பின் படிநிலை (முழுத் தொகுப்பா, ஒரு கோப்பா, ஒரு தாளா என்பது). “சிறுவயது முதலே வரலாற்றில் ஆர்வம்” என்று தொடங்கும் நோக்க அறிக்கைகள் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் இந்த ஒரு பெட்டி தனியாகத் தெரியும்.

கணினிப் பக்கமும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் டிராய்ட் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. பழைய பென் டிரைவ் ஒன்றில் அதை ஓட்டினால் ஒவ்வொரு கோப்பும் என்ன வடிவம் என்று சொல்லும். டிடிபி சென்டர் காலத்துத் தமிழ்க் கோப்பாக இருந்தால் இன்னும் சுவாரசியம். ‘வேர்டு 97–2003’ என்று டிராய்ட் சரியாகவே சொல்லிவிடும்; ஆனால் உள்ளே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி எழுத்துரு என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு பிழைத்திருந்தும் வாசிக்க முடியாமல் போகும் இந்தச் சிக்கல் நமக்குக் கைப்பழக்கம். நேர்காணலில் தயங்காமல் சொல்லுங்கள்.

பணம். பிரிட்டன் அரசின் சீவ்னிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருஷம் ஊர் திரும்பியிருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் போகிறவர்கள் விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் சிக்கல். 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சி அல்லாத பாடவழி முதுகலை மாணவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை உடன் அழைத்துப் போக முடியாது. வேலை தேடத் தங்கும் கிராஜுவேட் விசா இரண்டு வருஷமாக இருந்தது; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். காப்பக வேலைகளில் பல குறுகிய கால ஒப்பந்தங்கள், அவற்றுக்கு விசா ஆதரவு கிடைப்பது கடினம். அதனால் விருப்பப் பாடம் எடுக்கும்போது ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மென்ட் (அலுவலகக் கோப்பு நிர்வாகம்), தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மருத்துவமனை, வங்கி, மருந்துக் கம்பெனி என்று கதவுகள் அந்தப் பக்கம்தான் அதிகம்.