மாலத்தீவு ரிசார்ட்டா, கெஸ்ட் ஹவுஸா? கணக்கு எங்கே சறுக்குகிறது

மாலத்தீவுக்குப் போகத் திட்டமிடும் பெரும்பாலானோர் அறை வாடகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். எல்லாத் தவறுகளுக்கும் இதுவே தாய். அந்த நாட்டில் அறை வாடகை என்பது செலவின் ஒரு பகுதிதான். சில சமயம் பாதிகூட இல்லை.

காரணம் அந்த நாட்டின் அமைப்பில் இருக்கிறது. 1972இல் குரும்பா தீவில் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே வழக்கம் 'ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்'. வாசலைத் தாண்டினால் கடல். டீக்கடை, பெட்டிக்கடை, எதிர்சாரியில் இன்னொரு உணவகம் என்று எதுவும் கிடையாது. காலை உணவு மட்டும் சேர்ந்த மலிவான அறையை எடுத்துக்கொண்டு, "மற்ற வேளைக்கு வெளியே பார்த்துக்கொள்ளலாம்" என்று போகிறவர்களுக்கு அந்த 'வெளியே' என்பதே இல்லை. மூன்று வேளையும் ரிசார்ட் சொல்லும் விலைதான். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று போட்டிருந்தால் கவனியுங்கள்: 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 17 சதவீதச் சுற்றுலா வரி. 100 டாலர் என்று எழுதியிருப்பது பில்லில் 128 டாலர் 70 சென்ட் ஆகும். இந்த வரி 2025 ஜூலையில்தான் 16இலிருந்து 17 ஆனது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்குக் குறைவான கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர். நால்வர் நான்கு நாள் ரிசார்ட்டில் தங்கினால் இது மட்டுமே 192 டாலர்.

அப்படியானால் எல்லாம் அடங்கிய கட்டணம், அதாவது ஆல் இன்க்ளூசிவ், எடுப்பதே புத்திசாலித்தனமா? தினமும் மாலையில் ஓரிரண்டு கோப்பை மது அருந்துகிறவர்களுக்கு, ரிசார்ட்டில் பெரும்பாலும் ஆம். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இல்லை. அந்தக் கட்டணத்தை உயர்த்துவதில் பெரும்பங்கு மதுவுக்கு உண்டு. குடிக்காத நான்கு பேர் அதற்குப் பணம் கட்டிவிட்டு எலுமிச்சைச் சாறு குடிப்பது நஷ்டம். அவர்களுக்கு மூன்று வேளை உணவு அடங்கிய ஃபுல் போர்டு போதும். ஆனால் ஃபுல் போர்டு, இரு வேளை உணவு மட்டும் அடங்கிய ஹாஃப் போர்டு இரண்டிலும் சாப்பாட்டு மேஜையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குத் தனி பில் வரக்கூடும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் அடங்கியது என்ற பெயரை நம்பி, அதில் என்னென்ன அடங்கும் என்று படிக்காமல் விடுவதும் பெருந்தவறு. ஒரு ரிசார்ட்டில் அது பஃபேயும் சாதாரண வகை மதுவும் மட்டும். இன்னொன்றில் சிறப்பு உணவகங்கள், அறையிலுள்ள குளிர்பானப் பெட்டி, நீந்தியபடியே கடலடியைப் பார்க்க உதவும் ஸ்நோர்கெல்லிங் கண்ணாடி, ஒரு படகுச் சவாரி எல்லாம் சேரும். ஸ்கூபா டைவிங் பெரும்பாலும் தனி. கரைக்கு அருகிலேயே நல்ல பவளத்திட்டு உள்ள தீவு என்றால் படகே வேண்டாம். இறங்கி நீந்தினால் மீன் கூட்டம். என்னைக் கேட்டால், உணவகங்களின் எண்ணிக்கையைவிட இதையே முதலில் விசாரிப்பேன்.

பணம் அதிகம் கரையும் இடம் போக்குவரத்து. தொலைதூரத் தீவுகளுக்குக் கடல் விமானம். போகவர ஆளுக்கு 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலேயிலோ அதன் அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டிவரும். ரிசார்ட்டில் கட்டிய ஓர் இரவு வீணாகும். ஊரிலிருந்து காலையில் போய்ச் சேரும் விமானத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால், ஸ்பீட்போட்டில் போகக்கூடிய அருகிலுள்ள தீவைத் தேர்ந்தெடுங்கள். இரவிலும் படகு ஓடும்.

கெஸ்ட் ஹவுஸ் பக்கமும் தவறுகள் உண்டு. 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகின. அந்தத் தீவுகளில் மாஃபுஷி பேர்பெற்றது. மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் சுமார் அரை மணி நேரம். கடலின் நீலம் அங்கேயும் அதே நீலம்தான். ஆனால் அது ரிசார்ட்டின் மலிவுப் பதிப்பு அன்று. மக்கள் வாழும் ஊர். மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் உடம்பை மூடி உடுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை அரசுப் படகு ஓடாமல் போகலாம். ரமலானில் பகலில் உள்ளூர் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். காலையில் சூரைமீனும் தேங்காய்த்துருவலும் பிசைந்த மாஸ் ஹுனியை ரொஷி என்ற ரொட்டியோடு சாப்பிடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். சைவக்காரர்களுக்கு உணவு சற்றுச் சிரமம், முன்கூட்டியே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மாஃபுஷியிலிருந்து அருகிலுள்ள ரிசார்ட்டுகளுக்கு உணவோடு ஒருநாள் அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். சில நாள் ஊரில் தங்கி, ஒரு நாள் ரிசார்ட்டைப் பார்த்துவிட்டு வருவது நடுத்தரக் குடும்பத்துக்கு மிக நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம்.

மாலத்தீவுக் கணக்கை அப்படியே வேறு கடற்கரைக்குப் பொருத்துவதும் தவறே. இலங்கையின் பெந்தோட்டையில் ஹோட்டல் வாசலிலிருந்து சிறிது நடந்தாலே, காலி என்ற நகருக்குப் போகும் 'காலி வீதி'. கொத்து ரொட்டியும் சோறு கறியும் ஹோட்டல் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். அங்கே எல்லாம் அடங்கிய கட்டணம் கட்டிவிட்டு, அதை ஈடுகட்ட வேண்டுமே என்று மூன்று வேளையும் பஃபேக்குத் திரும்பி ஓடிவருகிறவர்கள் காலிக் கோட்டையையே சரியாகப் பார்ப்பதில்லை.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் பல மாலத்தீவு ரிசார்ட்டுகள் கட்டாய விருந்துக் கட்டணம் வாங்குகின்றன. உணவுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தாலும் இது தனியாக வரலாம். அந்த வாரத்தில் போவதாக இருந்தால், வரி, படகு, விருந்து எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை முன்பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.