கனடாவில் வீட்டில் டேகேர் நடத்துகிறீர்களா? வரிக் கணக்கில் இந்தத் தவறுகள் வேண்டாம்

கனடாவில் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துச் சம்பாதிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாள் முழுக்க ஓய்வில்லாத வேலை. அதனால் செலவுக் கணக்கு வரி கட்டும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அந்த அவசரத்தில் வருமானத்திலிருந்து கழிக்கக் கூடாததைக் கழிக்கிறார்கள், கழிக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது வீட்டுச் செலவில். "வீட்டில் மூன்றில் ஒரு பங்கை டேகேருக்குப் பயன்படுத்துகிறேன், அதனால் மூன்றில் ஒரு பங்கு செலவைக் கழிக்கலாம்" என்று நினைக்கிறார்கள். அந்த இடம் டேகேருக்கு மட்டுமே என்றால் சரி. ஆனால் பிள்ளைகள் விளையாடும் ஹால்தான் மாலையில் உங்கள் குடும்பம் உட்காரும் இடமும். அப்படிப் பொதுவாகப் புழங்கும் இடத்துக்கு நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீடு 1,800 சதுர அடி, டேகேருக்குப் புழங்குவது 600 சதுர அடி. காலை 7 முதல் மாலை 5 வரை, வாரத்தில் 5 நாள். வருடத்துக்கு மின்சாரம், ஹீட்டிங், காப்புறுதி, சொத்து வரி, மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) வட்டி எல்லாம் சேர்த்து 24,000 டாலர் என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு 8,000. அதை 24 மணி நேரத்தில் 10, 7 நாளில் 5 என்று குறைத்தால் வருவது சுமார் 2,380 டாலர். எட்டாயிரம் எங்கே, இது எங்கே! வரித்துறை கேள்வி கேட்டால் இதையும் பார்க்கலாம். நீங்கள் கழித்த தொகையை அவர்கள் குறைத்துப் போட்டால் வரி கூடுவது மட்டுமல்ல, வருமானத்தை வைத்து உங்கள் பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதாந்தர உதவித்தொகையும் திரும்பக் கணக்கிடப்படும், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

மோர்ட்கேஜில் வட்டியை மட்டும்தான் கழிக்கலாம், அசலை அல்ல. வாடகை வீடென்றால் வாடகையில் அதே விகிதம். வீட்டுச் செலவைக் காட்டி டேகேரில் நட்டம் காட்டவும் முடியாது. மிஞ்சியதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம், வீடு பழசாவதற்கென்று தேய்மானம் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நிதானமாக யோசியுங்கள். இன்று கொஞ்சம் வரி குறையும், ஆனால் வீட்டை விற்கும்போது வரும் லாபத்தில் அந்தப் பகுதிக்குக் கிடைக்க வேண்டிய வரிவிலக்கு போய்விடும். என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. பிள்ளைகளுக்கான பால், பழம், பிஸ்கட் எல்லாம் நியாயமான செலவு. ஆனால் அவை குடும்பத்துக்கான அரிசி, மீனோடு ஒரே பில்லில் இருந்தால், எது யாருக்கு என்று ஒரு வருடம் கழித்து உங்களாலேயே சொல்ல முடியாது. கடையில் இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். கடை ரசீதுகளின் மை சில மாதங்களில் வெளுத்து, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படமெடுத்து வையுங்கள், ஏனென்றால் ஆறு வருடம் இவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

பொம்மை, டயப்பர் வாங்கியதில் எச்எஸ்டி என்ற விற்பனை வரியைத் தனியே பிரித்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 14 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் சேவைக்கு எச்எஸ்டி விலக்கு இருப்பதால், நீங்கள் கட்டிய எச்எஸ்டியை அரசிடம் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே வரியோடு சேர்த்த முழுத் தொகைதான் உங்கள் செலவு.

உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக் கழிக்க முடியாது. உங்கள் பெரிய பிள்ளை உதவுகிறான் என்றால் கழிக்கலாம், ஆனால் அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும், நியாயமான சம்பளமாக இருக்க வேண்டும், பணமும் உண்மையில் அவன் கைக்குப் போயிருக்க வேண்டும்.

வருமானப் பக்கத்திலும் ஒரு தவறு. "காசாகத்தானே தருகிறார்கள்" என்று சிலர் ரசீது கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். பெற்றோர் தங்கள் படிவத்தில் பராமரிப்புச் செலவைக் கழிக்க, உங்கள் சின் எண் (சமூகக் காப்புறுதி எண்) உள்ள ரசீது வேண்டும். அவர்கள் காட்டுவதும் நீங்கள் காட்டுவதும் பொருந்தாவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். வருமானத்தைக் குறைத்தே காட்டிவந்தால், நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கியும் அந்தக் குறைந்த எண்ணைத்தான் பார்க்கும்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழில் வருமானத்தையும் செலவையும் காட்டும் டி2125 படிவத்தோடு ஜூன் 15 வரை தாக்கல் செய்யலாம். அதை நம்பிப் பணத்தையும் ஜூனில் கட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள். கட்ட வேண்டியது இருந்தால் ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும், மறுநாளிலிருந்து வட்டி ஓடும். அந்தத் தொகையில் ஓய்வூதியப் பங்களிப்பும் இருக்கும், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் நீங்களே கட்ட வேண்டும். மாதாமாதம் கொஞ்சம் தனியாக எடுத்து வைப்பது நல்லது.