குழந்தைகளுக்கு ஜெர்மன் பண்பாடு: கைவேலையில் எங்கே தவறுகிறோம்?

ஜெர்மனி என்றதும் பல வகுப்புகளில் முதலில் வெளியே வருவது கொடியும், தோல் கால்சட்டை போட்ட ஆளின் படமும்தான். வண்ணம் தீட்டி முடித்தால் பாடமும் முடிந்தது. லேடர்ஹோசன் என்கிற அந்தத் தோல் கால்சட்டை தெற்கே உள்ள பவேரியா மாநிலத்துக்கும் ஆல்ப்ஸ் மலையடிவார ஊர்களுக்கும் உரியது. வடக்கே ஹாம்பர்க்கில் வளரும் பிள்ளை அதை வீட்டில் பார்த்திருக்கவே வாய்ப்பு குறைவு. அக்டோபர்ஃபெஸ்டும் மியூனிக் நகரத்துத் திருவிழா. அதன் மையமே பீர்க் கூடாரம். சிறுவர் கைவேலைக்கு அதை எடுப்பது ஏன் என்று புரிவதில்லை.

அந்த நாட்டுப் பிள்ளைகள் வெட்டியும் ஒட்டியும் பிசைந்தும் வளரும் வேலைகள் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு வேளை உண்டு. பொருளை அழகாகச் செய்துவிட்டு நாளையும் வேளையையும் கோட்டை விடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு.

காலை 11 மணிக்கு விளக்கு ஊர்வலமா?

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். ரோமப் படைவீரராக இருந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பின்னர் அவர் பிரான்சில் உள்ள தூர் நகரின் ஆயரானார். அன்று மாலை பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்கைக் கோலில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு தெருவில் நடப்பார்கள். பல ஊர்களில் சிவப்பு மேலங்கி அணிந்த ஒருவர் குதிரையில் முன்னே போவார்.

ஜெர்மனியில் நவம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டியூப் லைட் எரியும் அறையில், பகலில் இந்த விளக்கைப் பிடித்தால் அது வெறும் காகித டப்பா. இருட்டும்வரை காத்திருங்கள். முடியாவிட்டால் திரையை இழுத்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நடக்க வையுங்கள். அக்டோபர் 31 ஹாலோவீனோடு சேர்த்துப் பூசணி முகம் வெட்டுவதும் வேண்டாம்; அது வேறு விழா.

செய்முறையில் சறுக்கும் இடங்கள் சில. அடிப்பாகத்துக்கு ஜெர்மன் வீடுகளில் வழக்கமாக எடுப்பது வட்டமான சீஸ் டப்பா. குறுக்களவு 11 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 34.5 செ.மீ. காகிதத்தை 36.5 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். அந்தக் கூடுதல் 2 செ.மீ. ஒட்டுவதற்கு. இதைக் கணக்கில் எடுக்காமல் வெட்டினால் விளிம்புகள் சந்திக்காது. சார்ட் அட்டை வெளிச்சத்தை விடாது. ஒளி ஊடுருவும் வண்ணத்தாள்தான் வேண்டும். உருவம் வேண்டுமானால் கறுப்பு அட்டையில் வெட்டி, பின்னால் வண்ணத்தாளை ஒட்டலாம். தண்ணீராக இருக்கும் பசை மெல்லிய தாளைச் சுருக்கிவிடும். பசைக் குச்சி நல்லது.

கைப்பிடிக் கம்பியைத் தாளில் நேரடியாகக் கோப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. நூறு அடி நடப்பதற்குள் கிழிந்துவிடும். சீஸ் டப்பாவின் மூடியில் நடுவட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சும் வளையத்தை விளக்கின் மேல்வாயில் உள்பக்கமாக ஒட்டுங்கள். அந்த வளையத்தில், நேரெதிரே அமையும்படி இரண்டு துளை போட்டுக் கம்பியைக் கோக்கலாம். துளை ஒரு விரல்கடை தள்ளிப்போனாலும் விளக்கு சாய்ந்துகொண்டே வரும். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. பல்பு போதும், ஜெர்மனியிலும் பல இடங்களில் இப்போது அதுதான்.

ஊர்வலம் முடிந்ததும் மேற்கு ஜெர்மனியில் வெக்மன் கொடுப்பார்கள்: உலர்திராட்சைக் கண் வைத்து, ஆள் உருவத்தில் செய்த இனிப்பு ரொட்டி. ஆளுக்கு ஒன்று என்று அடுக்கி வைத்துவிட்டால் மேலங்கிக் கதைக்கு வேலையே இல்லாமல் போகும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று கொடுங்கள். யார் பிய்ப்பது, யாருக்குத் தலை என்ற பேச்சு தானாக வரும்.

பிரெட்சல்: முடிச்சு மட்டும் போட்டால் அது பன்

பிரெட்சல் என்பது முடிச்சு வடிவில் சுடும் பழுப்பு நிற ஜெர்மன் ரொட்டி. மைதா 500 கிராம், உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், வெண்ணெய் 40 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 280 மி.லி. பத்து நிமிடம் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்தால் 10 பிரெட்சலுக்கான மாவு தயார்.

உருட்டும்போது மேசையில் மாவு தூவுவது நம் சப்பாத்திப் பழக்கம். இங்கே அது கெடுதல்; மாவு வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர நீளாது. மேசையை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் பிடிப்பு கிடைக்கும். நடு தடிமனாகவும் நுனிகள் மெலிந்தும் 50 செ.மீ. நீளம் வர வேண்டும். ரப்பர் மாதிரிச் சுருங்கி உள்ளே இழுத்தால் பிள்ளைகள் பலத்தைக் காட்டுவார்கள், மாவு அறுந்துவிடும். ஐந்து நிமிடம் சும்மா விட்டால் தானே இளகும். பிறகு 'யு' வடிவில் வைத்து, நுனிகளை இரண்டு முறை முறுக்கி, கீழே மடக்கித் தடித்த பகுதியில் அழுத்தினால் முடிச்சு விழுந்துவிடும்.

பழுப்பு நிறமும் அந்தத் தனிச் சுவையும் காரக் கரைசலில் (அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) முக்குவதால் வருகின்றன. பேக்கரிகளில் 4 சதவீத அளவு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் பயன்படுத்துகிறார்கள். அது தோலையும் கண்ணையும் அரிக்கும். பிள்ளைகள் இருக்கும் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது. வீட்டுக்கு 1 லிட்டர் கொதிநீரில் 50 கிராம் ஆப்ப சோடா போதும். பேக்கிங் பவுடர் போட்டால் பலனில்லை; அதில் அமிலமும் கலந்திருக்கிறது. சோடாவை மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி அடுப்பில் வழியும். ஸ்பூன் ஸ்பூனாகப் போடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும், எவர்சில்வர்தான் சரி.

முக்குவதற்கு முன் பிரெட்சலைத் திறந்தபடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே மெல்லிய தோல் கட்டும், வெந்நீரில் உருக்குலையாது. ஒவ்வொன்றும் 30 வினாடி, அதுவும் பெரியவர் கையால். பிறகு கல்லுப்புத் தூவி, தடித்த வயிற்றுப் பகுதியில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, 220 டிகிரியில் 15 நிமிடம். இந்தக் கீறல் தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியா வழக்கம். அங்கே பிரெட்சலின் கைகள், அதாவது முறுக்கிய நுனிப் பகுதிகள், மெலிந்து மொறுமொறுப்பாக இருக்கும். பவேரியாவில் கைகளும் தடிமனாக இருக்கும், கீறாமல் தானே வெடிக்க விடுவார்கள். பாதியை அப்படியும் பாதியை இப்படியும் செய்து பார்த்தால் ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடு பிள்ளைகளின் வாய்க்கே தெரிந்துவிடும்.

கூம்பும் பூட்ஸும்

ஷூல்டியூட்டே என்பது ஒன்றாம் வகுப்பு சேரும் நாளில் மட்டும் பிள்ளை கையில் கொடுக்கும் பெரிய காகிதக் கூம்பு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை. ஆண்டுதோறும் எல்லா வகுப்புக்கும் செய்ய வைத்தால் அதன் மதிப்பு போய்விடும். மேற்கில் வட்டமாக 70 செ.மீ., கிழக்கில் அறுகோணமாக 85 செ.மீ. வழக்கம். நிரப்பும் முன் நுனிக்குள் கசக்கிய செய்தித்தாளை அடைக்காவிட்டால், முதல் முறை தரையில் ஊன்றியதும் நசுங்கும்.

டிசம்பரில் நடக்கும் குழப்பம் நிக்கோலாஸ் தாத்தாவையும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் ஒன்றாக்குவது. நிக்கோலாஸ் நாள் டிசம்பர் 6. முந்தின இரவு பிள்ளைகள் தங்கள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைக்க வேண்டும். பாலிஷ் போடுவதும் அந்த வேலையில் சேர்ந்தது. பெரிய பரிசுகள் டிசம்பர் 24 மாலையில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் குறிக்கும் அட்வென்ட் வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளையும் புகைப்படத்துக்காக முதல் நாளே ஏற்றிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றினால்தான் நான்காம் ஞாயிறன்று அவை படிக்கட்டு மாதிரி நிற்கும்.

சூடான சாயத்தில் மெழுகு முட்டை

ஈஸ்டருக்கு மெழுகால் கோலமிடும் முட்டைகள் பலருக்கும் பிடிக்கும். அவற்றை 'ஜெர்மன் முட்டை' என்று சொல்லிவிடுகிறோம். கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் வாழும் சோர்பியர்கள் தனி மொழி பேசும் ஸ்லாவிய மக்கள்; இந்தக் கலையில் பேர்போனவர்கள் அவர்கள். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

வாத்து இறகின் நுனியை முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டி, உருகிய மெழுகில் தொட்டு, வெள்ளை முட்டையில் அச்சு வைப்பார்கள். பாத்திக் துணி போலத்தான். மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்த சாயத்தை ஆற விடாமல் முட்டையை இறக்கினால் மெழுகு இளகி, கோலம் முழுக்கக் கலைந்துபோகும். சாயம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இறகு வைத்த இடத்தில் மெழுகு வெளிறிப் பால் நிறத்தில் தெரிந்தால் சூடு போதவில்லை, சாயத்தில் உதிர்ந்துவிடும். மெழுகை இன்னும் சற்றுச் சூடாக்குங்கள். கடைசியில் முட்டையை மெழுகுவர்த்திச் சுடரின் மேலே பிடிக்காமல் பக்கத்தில் காட்டி, இளகும் மெழுகை மென்துணியால் ஒற்றி எடுங்கள். மேலே பிடித்தால் ஓட்டில் கரி படியும், அது போகவே போகாது.